பலாப்பழமும் ரெண்டு மஞ்சக் கவரும்

போன மே மாசம் ஒரு புதன்கிழமை. எனக்கு ரெண்டே ரெண்டு வேலை. ஒரு கவரைப் புதுக்கோட்டையில எம்.பி. கையில குடுக்கணும். இன்னொரு கவரைத் திருமயத்துல ஒரு வீட்டுல குடுக்கணும். அம்புட்டுதான்.

மூணாங்கிளாஸ் படிக்கிற புள்ளைகிட்ட சொல்லியிருந்தாக்கூட ஒழுங்கா முடிச்சுட்டு மத்தியானச் சோத்துக்கு வீடு வந்து சேந்திருக்கும். என்கிட்ட சொன்னாங்க.

புதுசா வந்தவங்களுக்காக ஒரு வார்த்தை. நான் மல்லிகா. ஆலங்குடிக்குப் பக்கத்துல ஊரு. வீட்டு முன்பக்கத்துலயே தையக்கடை. வீட்டுக்காரர் குவைத்துல இருக்காரு. இங்க மாமியார், கொழுந்தன், நான். ஜாக்கெட் தச்சுக்கிட்டே டெல்லி அரசியலைப் பத்தி இந்தப் பக்கத்துல எழுதுறேன். நானூத்திச் சொச்சம் பேரு பின்னாடி வாரீங்க. அதுல பாதிப் பேரு "அக்கா, என் ஜாக்கெட்டு எப்ப தருவீங்க?"ன்னு கேக்குறதுக்காகச் சேந்தவங்கன்னு எனக்கும் தெரியும். வெளியில சொல்லிக்கிறதில்ல.

பார்லிமெண்ட் நடக்கையில எனக்கு ஒரு கொறையும் இல்ல. காலையில கூச்சல் ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் எழுத விசயம் வந்துக்கிட்டே இருக்கும். கோடை லீவு விட்டுட்டாங்கன்னா செத்தேன்! பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டா பிள்ளைங்களாவது தெருவுல கத்தும். பார்லிமெண்டுக்கு லீவு விட்டா ஒருத்தரும் கத்த மாட்டேங்கறாங்க. எல்லாரும் அவங்கவங்க ஊருக்குப் போயி காதுகுத்து, வளைகாப்புன்னு சுத்துறாங்க. நான் என்னத்தை எழுதுறது?

அந்த நேரத்துலதான் மாம்பழம் வந்துச்சு.

டெல்லியில ஒரு எதிர்க்கட்சித் தலைவர் வீட்டுல இருந்து, ஆளுங்கட்சி மந்திரி ஒருத்தர் வீட்டுக்கு ஒரு பெட்டி மாம்பழம் போயிருச்சாம். கார் வந்து நின்னுச்சு, டிரைவர் பெட்டியை வாசல்ல எறக்கினாரு, போயிட்டாரு. அதை எவனோ படம் புடிச்சுட்டான். சேதி இவ்வளவுதான்.

இதை வச்சு நாலு நாளு ஓட்டினாங்கய்யா டிவியில! கூட்டணி மாறுதா? மந்திரிசபை மாறுதா? பெட்டியில எத்தனை பழம்? ஒரு சேனல்ல பெட்டியில கட்டியிருந்த ரிப்பனைப் பெருசு பண்ணிக் காட்டி, அது என்ன கலரு, ஏன் அந்தக் கலருன்னு நாலு பேரு உக்காந்து சண்டை போட்டாங்க.

நான் சும்மா இருப்பேனா? "அரசியல்ல தற்செயல்னு ஒண்ணு கெடையவே கெடையாது. யாருக்குப் போகுதுன்னு தெரியாம ஒரு பெட்டி ஒரு வீட்டு வாசல்ல எறங்காது"ன்னு எழுதினேன். எழுபது லைக்கு! ஜாக்கெட்டு பாக்கி இருக்கறவங்ககூட லைக்கு போட்டாங்க.

அந்த வரியைக் கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கங்க. பின்னாடி வருது.

இப்ப கவருக்கு வாரேன்.

எங்க கொழுந்தன் கருப்பையாவுக்கு முப்பத்தி நாலு வயசு. பம்புசெட் மெக்கானிக். கெட்ட பழக்கம் ஒண்ணும் கெடையாது. அதிர்ந்து பேச மாட்டாரு. அதுவரைக்கும் பன்னெண்டு வீட்டுக்கு ஜாதகம் போயி, பன்னெண்டும் திரும்பி வந்துருச்சு. ஜாதகத்துல கோளாறு இல்ல. எங்க ஊருலதான் கோளாறு. காலையில வந்துக்கிட்டு இருந்த டவுன் பஸ்ஸை ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நிப்பாட்டிட்டாங்க. மெயின் ரோட்டுக்கு மூணு கிலோமீட்டர் நடக்கணும். இப்ப எல்லாப் பொண்ணுங்களும் வேலைக்குப் போகுது. பொண்ணு வீட்டுல மொதக் கேள்வியே, "பஸ் வருமா?"

அதனால ரெண்டு ஏற்பாடு. ஒண்ணு, பஸ் கேட்டு எம்.பி.க்கு மனு. அவரு லீவுல ஊருக்கு வந்திருக்காரு, இப்ப விட்டா மறுபடி டெல்லிக்குப் போயிருவாரு. இன்னொண்ணு, திருமயத்துல சுகன்யான்னு ஒரு பொண்ணு. புதுக்கோட்டையில லேப்ல ரத்தம் டெஸ்ட் பண்ற வேலை. அந்த வீட்டுக்கு ஜாதகம். மாமியார் போன்லயே பேசி வச்சுட்டாங்க. "பஸ்ஸா? எங்க வாசல்லதானே நிக்கிது!"ன்னு அடிச்சு விட்டிருக்காங்க.

"ஏன் அத்தை இப்புடிப் பொய் சொல்றீங்க?"ன்னு கேட்டேன்.

"ஏத்தா, நீ மனுக் குடுத்து பஸ்ஸைக் கொண்டாந்து வாசல்ல நிப்பாட்டு. நான் சொன்னது நெசமாயிரும்ல?"

காயிதமும் பேனாவும் எடுத்துக்கிட்டு உக்காந்தேன்.

மனுவை எழுதினது நான்தான். டெல்லி அரசியல் எழுதுற கையி சும்மா "பஸ் விடுங்க ஐயா"ன்னு எழுதுமா? உருக்கமா எழுதினேன். ஊரே கையெழுத்துப் போட்டுச்சு. மொதக் கையெழுத்து எங்க மாமியார்.

ரெண்டும் காக்கிக் கவரு. ஒரே கடையில வாங்கினது. ஜாதகக் கவருக்கு நாலு மூலையிலயும் மஞ்சள் தடவுறது வழக்கம்தானே? தடவினாங்க. தடவிட்டு, மனுக் கவரையும் எடுத்து நாலு மூலையிலயும் தடவிட்டாங்க!

"அத்தை! அது மனு!"

"இருக்கட்டும். நல்ல காரியத்துக்குப் போற காயிதம், வெறுங் காயிதமா போகக்கூடாது."

சரி, மேல பேராவது எழுதுவோம்னு பேனாவைத் தேடினேன். அதுக்குள்ள டிவியில மாம்பழத்தைப் பத்தி அந்தத் தலைவர் பேட்டி குடுக்கப் போறாருன்னு ஓடுச்சு. பாக்கப் போயிட்டேன். பேட்டியும் குடுக்கல அவரு.

வயர் கூடையில மனு வலது பக்கம், ஜாதகம் எடது பக்கம். மனசுக்குள்ள நாலு தடவை சொல்லிக்கிட்டேன். கெளம்புறப்ப அத்தை ஒரு பலாப்பழத்தைத் தூக்கிட்டு வந்து, "பொண்ணு வீட்டுக்கு வெறுங்கையோட போவியா?"ன்னு என் இடுப்புல ஏத்தி விட்டாங்க. சின்னப் பழம்தான். எங்க ஊருல சின்னதுன்னா எட்டு கிலோ.

கருப்பையா பைக்குல மெயின் ரோட்டுல கொண்டாந்து விட்டாரு. பஸ் வர்ற வரைக்கும் நின்னாரு. ஏறுறப்ப மெல்லமா, "அண்ணி, அந்தப் பொண்ணு போட்டோ பாத்தேன். நல்லா சிரிக்கிது"ன்னாரு. அம்புட்டுதான் பேசினாரு. பன்னெண்டு தடவையும் இந்த மனுசன் ஒரு வார்த்தை சொன்னதில்ல. இந்தத் தடவை எப்படியாவது முடிச்சிரணும்னு சாமியைக் கும்புட்டுக்கிட்டே ஏறினேன்.

பஸ்ஸுல பக்கத்து சீட்டுல கண்ணாடி போட்ட ஒரு அம்மா. மடியில பலாப்பழத்தோட உக்காந்திருந்த என்னை ரெண்டு தடவை திரும்பிப் பாத்தாங்க.

"நீங்க... மாம்பழத்தைப் பத்தி எழுதுறவங்கதானே?"

ஐயோ! என் வாழ்க்கையில மொத மொதல்ல ஒருத்தர் என்னை அடையாளம் கண்டுபுடிச்சுட்டாங்க! தலைகால் புரியல எனக்கு.

"ஆமாங்க, நான்தாங்க!"

"எல்லாம் படிக்கிறேன். ஒண்ணே ஒண்ணுதான் வெளங்கல. ஒரு பெட்டி மாம்பழத்துக்கா ஒரு கட்சி அங்கிட்டு இருந்து இங்கிட்டு வரும்?"

கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி! நான் கூடையில கைய விட்டு ரெண்டு கவரையும் வெளியில எடுத்தேன்.

"இந்தா பாருங்க. இது ஆளுங்கட்சி." வலது கையைத் தூக்கினேன். "இது எதிர்க்கட்சி." எடது கை. "நடுவுல இருக்கறது மாம்பழம்."

"அது பலாப்பழம்ங்க."

"ஒரு பேச்சுக்கு வச்சுக்கங்க. இப்ப பழம் போச்சா? இவங்க அங்கிட்டு போறாங்க. அதைப் பாத்து அங்க இருக்கற கொஞ்சப் பேரு கோவிச்சுக்கிட்டு இங்கிட்டு வாராங்க. அப்ப இவங்க யோசிப்பாங்க, நாம திரும்பப் போயிருவோமான்னு..."

கவரு ரெண்டும் என் கையில அங்கிட்டும் இங்கிட்டும் பறக்குது. முன்சீட்டுக்காரரு திரும்பி உக்காந்து கேக்குறாரு. டிக்கெட்டு குடுக்க வந்த கண்டக்டர் அப்படியே நின்னு, "அப்ப மந்திரிசபை கவுந்துருமாக்கா?"ன்னு கேட்டாரு.

"கவுறாது தம்பி. ஆனா ஆடும்!"

எப்பேர்ப்பட்ட பதில்! எனக்கே புல்லரிச்சுப் போச்சு. அதுக்குள்ள புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி ரெண்டையும் கூடையில சொருகிட்டு, பழத்தைத் தூக்கிக்கிட்டு எறங்கிட்டேன்.

எது எந்தப் பக்கம் சொருகினேன்? நீங்க இப்ப கேக்குறீங்க. நான் அன்னைக்குக் கேக்கல.

எம்.பி. ஒரு காதுகுத்துக்கு மண்டபத்துக்கு வந்திருந்தாரு. எந்த எம்.பி.ன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். நல்ல மனுசன். லீவு விட்டா அவருக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு காதுகுத்து. பார்லிமெண்ட்ல உக்காந்திருந்தாக்கூட அந்த மனுசனுக்கு ஓய்வு கெடைச்சிருக்கும்.

மண்டபத்துல நிக்க எடம் இல்ல. எல்லாருக்கும் கையில ஒரு கவரு. நான் எட்டு கிலோவை இடுப்புல வச்சுக்கிட்டு ஓரமா நின்னேன். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு உதவியாளர் என்னைப் பாத்தாரு. என்னை எங்க பாத்தாரு, பழத்தைப் பாத்தாரு.

"வழி விடுங்க, வழி விடுங்க! அம்மா பழம் கொண்டாந்திருக்காங்க!"

"இல்லைங்க, இது வேற எடத்துக்கு..."

எவன் கேட்டான்? கூட்டம் ரெண்டா பிரிஞ்சு வழி விடுது. பின்னாடி இருந்து யாரோ தள்ளுறாங்க. நேரா போயி எம்.பி. முன்னாடி நின்னுட்டேன். அவரு முகம் மலர்ந்து போச்சு.

"அடடே, நம்ம பக்கத்துப் பலாவா! டெல்லியில இதைக் கண்ணுல காட்ட மாட்டேங்கறாங்கம்மா!"

ரெண்டு கையாலயும் வாங்கிட்டாரு. நாலு போனு சுத்தி நின்னு படம் புடிக்குது. பல்லைக் காட்டிட்டு நின்னேன். பொண்ணு வீட்டுப் பழம் போச்சு!

சரி, போனது போகட்டும், வந்த காரியத்தையாவது பாப்போம்னு கூடையில வலது பக்கம் கைய விட்டு, கவரை எடுத்து நீட்டினேன்.

"மஞ்சள்லாம் தடவி மங்களகரமா கொண்டாந்திருக்கீங்களே!"ன்னாரு.

"ரெண்டு வருசமா காத்துக்கிட்டு இருக்கோம் ஐயா. நீங்கதான் எப்படியாவது முடிச்சுக் குடுக்கணும். குடும்பமே ஒங்களை மறக்காது."

"கவலைப்படாதீங்கம்மா. முடிச்சிரலாம்."

அழுகையே வந்துருச்சு எனக்கு. எம்புட்டு நல்ல மனுசன்!

அங்கிருந்து திருமயம் பஸ்ஸு. கோட்டை தெரிஞ்சதுமே கண்டக்டர் எறங்கச் சொல்லிட்டாரு. வீட்டைக் கண்டுபுடிச்சுப் போனேன். பொண்ணு லேபுக்கு வேலைக்குப் போயிருச்சு. அவங்க அப்பா சோலையப்பன்தான் இருந்தாரு. கூட்டுறவு பேங்குல இருந்து ரிட்டையர் ஆனவரு. எதையும் ரெண்டு தடவை படிக்கிற முகம்.

காப்பி குடுத்தாங்க. மெதுவா கேட்டாரு. "ஊருல பஸ் வசதியெல்லாம் எப்படிங்கம்மா?"

எனக்குப் பொய் சொல்ல வாய் வரல. உண்மையைச் சொல்லவும் வாய் வரல. கவரை எடுத்து ரெண்டு கையாலயும் நீட்டி, "எல்லா விவரமும் இதுல இருக்குங்க ஐயா"ன்னு சொல்லிட்டேன்.

அவரு வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டாரு. சாமி படத்துக்கு முன்னாடி வச்சாரு. அவங்க வீட்டு வழக்கமாம். வந்த ஜாதகத்தை மூணு நாளு சாமிகிட்ட வச்சிருந்து, வீட்டுல நல்ல சகுனமா இருந்தாத்தான் பிரிப்பாங்களாம். "வெள்ளிக்கிழமை காலையில பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றோம்"ன்னாரு.

ரெண்டு வேலையும் முடிஞ்சுது. பஸ்ஸுல சன்னல் சீட்டு. காத்து வருது. இந்த மல்லிகா நெனச்சா முடியாதது ஒண்ணு இருக்கா?

வீட்டுக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடியே குவைத்துல இருந்து போனு.

"நீ கட்சியில சேந்துட்டியாமே?"

"யாரு சொன்னா?"

"இங்க நம்ம ஊருப் பயலுக எல்லாம் போட்டோ காட்டுறானுக. நீயும் எம்.பி.யும் பலாப்பழமும் நிக்கிறீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல நீ!"

வாட்ஸப்பைத் தொறந்தேன். ஊரு குரூப்பு பத்தி எரியுது! எம்.பி.யைத் தையக்கடை மல்லிகா சந்திச்சது ஏன்? பலாப்பழத்துக்குப் பின்னாடி இருக்கறது யாரு? ஒருத்தர் எழுதியிருக்காரு, உள்ளாட்சித் தேர்தல்ல நான் நிக்கப் போறேனாம். இன்னொருத்தர், இல்ல, பெரிய பொறுப்பு குடுக்கப் போறாங்களாம். மூணாவதா ஒரு புண்ணியவான் என் வரியையே எடுத்து எனக்கே போட்டிருக்காரு. "அரசியல்ல தற்செயல்னு ஒண்ணு கெடையவே கெடையாது."

அதுக்கும் லைக்கு!

மறுநாள் காலையில எதுத்த வீட்டு சாந்தி வந்து, தைக்கக் குடுத்த துணியைத் திருப்பிக் கேட்டுச்சு.

"ஏண்டி?"

"இல்லக்கா, எங்க வீட்டுல வேற கட்சி. நீங்க அங்கிட்டு போயிட்டீங்கன்னு அவரு வருத்தப்படுறாரு."

"அடியே, ஒரு பழத்தைப் புடுங்கிட்டாங்கடி! அவ்வளவுதான் நடந்துச்சு!"

"அதைத்தான்க்கா மாம்பழத்துக்கும் சொன்னாங்க. நீங்கதான் நம்பல."

துணியை மடிச்சுக் குடுத்துட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில பத்து மணி. அத்தை வெளக்கேத்திட்டு போனுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்காங்க. கருப்பையா வேலைக்குப் போகாம, நல்லா ஓடிக்கிட்டு இருந்த மோட்டாரை வாசல்ல வச்சுக் கழட்டிக்கிட்டு இருக்காரு. போனு அடிச்சுது. திருமயம்.

"அம்மா, கவரைப் பிரிச்சோம்." எல்லாரும் கேக்கட்டும்னு ஸ்பீக்கரைப் போட்டு வாசலுக்குக் கொண்டாந்திருந்தேன். சோலையப்பன் குரல் ஒரு மாதிரியா இருந்துச்சு.

"சொல்லுங்க ஐயா! நல்ல சேதிதானே?"

"படிக்கிறேன், கேளுங்க. 'இவ்வூருக்கு வாழ்க்கைப்பட்டு வரும் பெண்கள் கண்ணீர் வடிக்கின்றனர்.'"

எனக்கு அந்த வரி எங்கயோ கேட்ட மாதிரி இருந்துச்சு. நல்லா எழுதியிருக்காங்களேன்னுகூட ஒரு நிமிசம் தோணுச்சு.

"'மழை பெய்தால் முழங்கால் அளவு சேறு. தெருவிளக்குகள் எரிவதில்லை. மூன்று கிலோமீட்டர் நடந்தால்தான் பேருந்து. இக்காரணங்களால் இவ்வூர் இளைஞர்களுக்குப் பெண் கொடுக்க எவரும் முன்வருவதில்லை.' இப்படிப் போகுதும்மா. கீழ ஊரே கையெழுத்துப் போட்டிருக்கு. மொதக் கையெழுத்து ஒங்க மாமியாருதுதானே?"

என் கையில இருந்து போனு நழுவி மோட்டாரு மேல விழுந்துச்சு.

முழங்கால் அளவு சேறெல்லாம் கெடையாதுங்க! கணுக்கால்தான்! உருக்கமா இருக்கட்டுமேன்னு நான்தான் ஏத்தி எழுதினேன்!

"அடிப்பாவி!" அத்தை தலையில அடிச்சுக்கிட்டாங்க. "வாசல்ல பஸ்ஸு நிக்கிதுன்னு சொன்னேனே! என் கையெழுத்தை வச்சே என்னைப் பொய்க்காரியாக்கிட்டியே!"

கருப்பையாதான் போனை எடுத்துத் தொடச்சுக் குடுத்தாரு. "விடுங்கண்ணி. பன்னெண்டோட ஒண்ணு சேந்து பதிமூணு"ன்னு சொல்லிட்டு, மறுபடியும் மோட்டாருகிட்ட போயி உக்காந்துட்டாரு. திட்டியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு வாய் அரசியலுக்கு ஆசைப்பட்டு இந்த மனுசனோட வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போட்டுட்டேனேன்னு அடுப்படிக்குப் போயி அழுதேன்.

அழுது முடிக்கல, அடுத்த போனு. புது நம்பரு.

"மல்லிகாங்களா? இங்க கலெக்டர் ஆபீஸ்ல இருந்து பேசுறோம். எம்.பி. மூலமா வந்த ஒங்க மனு விசயமா. கீழ ஒங்க பேரும் நம்பரும்தான் இருக்கு."

பார்லிமெண்ட் நடக்குறப்ப குடுத்திருந்தா மாசக்கணக்குல தூங்கியிருக்கும். லீவுல எம்.பி. ஆபீஸ் ஆளுங்களுக்கும் வேற வேலை இல்ல போலருக்கு, புதன்கிழமை சாயங்காலமே சீல் குத்தி, நம்பர் போட்டு, பிரிக்காமக்கூட அனுப்பி வச்சுட்டாங்க. எனக்கு ஆகாத நேரத்துல எல்லாம் சுறுசுறுப்பா நடக்கும்!

"மனுதாரர் கருப்பையா. ரிஷப ராசி, ரோகிணி நட்சத்திரம். பதினொண்ணாம் எடத்துல செவ்வாய்." போன்ல ஒரு அம்மா நிறுத்தி நிறுத்திப் படிக்கிறாங்க. "மேல 'உரிய நடவடிக்கை எடுத்து மனுதாரருக்குத் தெரிவிக்கவும்'னு எழுதி வந்திருக்கு. செவ்வாய் விசயத்துல நாங்க என்னம்மா நடவடிக்கை எடுக்குறது?"

"தெரியாம வந்துருச்சுங்க..."

"நம்பர் போட்டாச்சும்மா. தூக்கிப் போட முடியாது. திங்கக்கிழமை குறைதீர்க்கும் கூட்டம் இருக்கு. மனுதாரரை நேர்ல வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கச் சொல்லுங்க."

சாயங்காலம் மூணாவது போனு. இதுவும் புது நம்பரு. பொண்ணு குரலு.

"அக்கா, நான் சுகன்யா. திருமயம்."

"மன்னிச்சுரும்மா"ன்னு மட்டும் சொன்னேன்.

"எதுக்குக்கா? எனக்கு இதுவரைக்கும் வந்த வரன்ல சொந்த வீடுன்னாங்க, வாடகை வீடு. மேனேஜர்னாங்க, மேனேஜருக்குக் கார் ஓட்டுறாரு. ஊருல உள்ள கொறையெல்லாம் எழுதி, ஊரே கையெழுத்துப் போட்டு வந்த வரன் இது ஒண்ணுதான்க்கா."

சிரிக்கிதா, திட்டுதான்னு வெளங்கல.

"அந்தக் கையெழுத்துல கருப்பையான்னு ஒண்ணு இருக்கே, அவருதானா?"

"அவருதாம்மா."

"அழகா, ஒழுங்கா போட்டிருக்காரு. சரிக்கா, இந்த மனு எங்க வீட்டு சாமிகிட்ட இருந்து என்ன பண்ண? திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு வாங்குவாங்க. லேபுக்குப் பக்கம்தான். நானே கொண்டு போயி குடுத்துர்றேன்."

திங்கக்கிழமைன்னதும் என் தலைக்குள்ள மணி அடிச்சுது. நானும் அங்கதான் வாரேன்னு வாயைத் தொறக்கல. என் வாழ்க்கையில நான் பேசாம இருந்து சாதிச்ச ஒரே காரியம் அது!

திங்கக்கிழமை கருப்பையாவைப் புதுச்சட்டை போடச் சொன்னேன். "ஆபீசுக்குத்தானே அண்ணி, எதுக்குப் புதுச்சட்டை?"ன்னாரு. "மனுதாரர்னா சுத்தமா போகணும்"னு சொல்லிட்டேன்.

கூட்டம்னா கூட்டம். பட்டா, பென்சன், ரேசன் கார்டுன்னு நீள வரிசை. நடுவுல ஜாதகத்தை வாங்குறதுக்கு நாங்க. எங்களுக்கு முன்னாடி நாலாவது ஆளா, கையில மஞ்சக் கவரோட ஒரு பொண்ணு. "சுகன்யா"ன்னு கூப்புட்டேன். திரும்பிப் பாத்துச்சு. சிரிச்சுது. கருப்பையா சொன்னது சரிதான், நல்லாத்தான் சிரிக்கிது.

அந்த மனுசன் காது ரெண்டும் செவந்து போச்சு.

சுகன்யா பின்னாடி வந்து எங்களோட நின்னுக்கிச்சு. மேசையில, போன்ல பேசின அந்த அம்மா ரெண்டு கவரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. ஒரே கவரு, ஒரே மஞ்சள். "என்னம்மா இது, ஒரே வீடா நீங்க?"ன்னு கேட்டாங்க.

நான் பேச வாயெடுத்தேன். அதுக்குள்ள சுகன்யா, "இன்னும் இல்லைங்க மேடம்"னுச்சு!

வரிசையில நின்ன பென்சன்காரரு ஒருத்தர் கைதட்டிட்டாரு. சுகன்யா அந்த ஜாதகத்தை வாங்கிப் பிரிச்சுச்சு. "ரோகிணியா? நான் அஸ்தம். அப்பா பாத்துக்குவாரு"ன்னு மடிச்சுக் கைப்பையில வச்சுக்கிச்சு. அந்த அம்மா நோட்டை நீட்டி, "யாரு வாங்குனாலும் கையெழுத்து வேணும்"னாங்க. மனுதாரர்னு இருக்கற எடத்துல கருப்பையா போட்டாரு. அதுக்குப் பக்கத்துலயே சுகன்யா போட்டுச்சு.

எங்க வீட்டுல பொண்ணு பாத்த கதை இதுதாங்க. பஜ்ஜி இல்ல, சொஜ்ஜி இல்ல. டோக்கன் நம்பரோட நடந்துச்சு.

வெளியில வந்து சுகன்யா என்கிட்ட தனியா சொல்லுச்சு. "அக்கா, எனக்கு அவரைப் புடிச்சிருக்கு. ஆனா பஸ் வந்தாத்தான். மூணு கிலோமீட்டர் நடந்து வேலைக்குப் போக என்னால ஆகாது."

அதுவும் நியாயம்தானே? பஸ்ஸுக்காக நாங்க நடையா நடந்தோம். சோலையப்பனும் மக மனசு தெரிஞ்சு எங்க பக்கம் வந்துட்டாரு. ரிட்டையர் ஆன மனுசன், மனு நம்பரைப் பாக்கெட்டுல வச்சுக்கிட்டு வாரம் ரெண்டு தடவை டெப்போவுக்குப் போயி நின்னாரு. எம்.பி.யும் போன்ல சொல்லியிருக்காரு. "அந்தப் பலாப்பழ அம்மா ஊரு"ன்னு சொல்லித்தான் சொன்னாராம். ஜூன் கடைசியில ஒரு நாளு காலையில ஏழே காலுக்கு ஹாரன் சத்தம். தலைவாசல்ல நின்ன அத்தை, "நான் சொன்னேன்ல! வாசல்லதானே நிக்கிது!"ன்னு கத்தினாங்க. காலையில மட்டும்தான் வருது. சாயங்காலத்துக்கு அடுத்த மனு.

ஆவணியில கல்யாணம். கல்யாண ஜாக்கெட்டு நான்தான் தைக்கிறேன். சொன்ன தேதிக்குக் குடுத்துருவேன், நம்புங்க.

நேத்து டிவியைப் போட்டேன். பார்லிமெண்ட் தொறக்கப் போகுதுல்ல, பழசையெல்லாம் கெளறுறாங்க. அந்த மாம்பழப் பெட்டி கதை கடைசியா வெளியில வந்துருச்சு. கூட்டணியும் இல்ல, மந்திரிசபையும் இல்ல. அது பக்கத்து பங்களாவுக்குப் போக வேண்டிய பெட்டியாம். டிரைவர் வீடு மாறி எறக்கி வச்சுட்டுப் போயிருக்காரு.

நாடே அந்த டிரைவரை வச்சு செய்யுது. நான் மட்டும் அவரைத் திட்டி இதுவரைக்கும் ஒரு வார்த்தை எழுதல.